வெப்பக் கணக்குகள்: மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

தொடக்கநிலை இயற்பியலில் வெப்பப் பகுதியின் சூத்திரங்கள் மிகச் சில. அரைப்பக்கத்தில் அடங்கிவிடும். அப்படியிருந்தும் மதிப்பெண் அதிகம் கரைவது இந்தப் பகுதியில்தான். சூத்திரத்தில் எண்களைப் போடுவதற்கு முன்பே, எந்தப் பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்று தீர்மானிக்கும் இடத்திலேயே கணக்கு சறுக்கிவிடுகிறது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அந்த இடத்தைப் பற்றியவை.

கணக்கைப் படித்ததும் எந்தச் சூத்திரம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விடையின் அலகைப் பாருங்கள். கேட்டிருப்பது ஜூலா, வாட்டா, மீட்டரா?

ஜூல் என்றால் எவ்வளவு வெப்பம் கைமாறியது என்ற கணக்கு. நிறை, தன்வெப்ப ஏற்புத்திறன் (ஒரு கிலோகிராம் பொருள் ஒரு டிகிரி உயரத் தேவையான வெப்பம்), வெப்பநிலை மாற்றம் மூன்றையும் பெருக்க வேண்டும். பொருள் உருகினாலோ ஆவியானாலோ நிறையை உள்ளுறை வெப்பத்தால் (வெப்பநிலை மாறாமல் ஒரு கிலோகிராம் உருகவோ ஆவியாகவோ தேவையான வெப்பம்) பெருக்கிச் சேர்க்க வேண்டும். வாட் என்றால் வெப்பம் எவ்வளவு விரைவாகப் பாய்கிறது என்ற கணக்கு. கடத்தல், சலனம், கதிர்வீச்சு மூன்றும் இதில் வரும். மீட்டர், மில்லிமீட்டர், லிட்டர் என்றால் விரிவுக் கணக்கு. கலவைக் கணக்கில் இறுதி வெப்பநிலையைக் கேட்பார்கள். அதுவும் உள்ளுக்குள் ஜூல் கணக்குதான். எத்தனை நிமிடம் ஆகும் என்று கேட்டால் ஜூலை வாட்டால் வகுக்க வேண்டும்.

செல்சியஸில் போடலாமா, கெல்வினுக்கு மாற்றியே ஆக வேண்டுமா?

வெப்பநிலையின் வேறுபாடு மட்டும் வரும் இடங்களில் செல்சியஸே போதும். 20 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு உயர்ந்தால் மாற்றம் 30. கெல்வினில் 293-லிருந்து 323, அதுவும் 30தான். ஒவ்வொரு கணக்கிலும் 273-ஐக் கூட்டிவிட்டுப் பிறகு கழிப்பது வீண் வேலை. அதைவிட மோசம், 30 டிகிரி மாற்றத்தோடு 273-ஐக் கூட்டி 303 கெல்வின் மாற்றம் என்று எழுதுவது. விடைத்தாள்களில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

வெப்பநிலையே தனியாக நிற்கும் இடங்களில் கெல்வின் கட்டாயம். கதிர்வீச்சும் வாயு விதிகளும் அப்படிப்பட்டவை. கேள்வியில் ஃபாரன்ஹீட் வந்தால், 1 ஃபாரன்ஹீட் டிகிரி மாற்றம் என்பது 5/9 செல்சியஸ் டிகிரி மாற்றம்.

தண்ணீரில் பனிக்கட்டியைப் போடும் கணக்கில் எனக்கு மட்டும் விசித்திரமான விடை வருகிறது. ஏன்?

உங்களுக்கு மட்டும் இல்லை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

25 டிகிரி செல்சியஸில் 200 கிராம் தண்ணீர். அதில் −10 டிகிரியில் இருக்கும் 100 கிராம் பனிக்கட்டியைப் போடுகிறோம். வெளியே வெப்பம் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். இறுதி வெப்பநிலை என்ன? தேவையான எண்கள்: தண்ணீரின் தன்வெப்ப ஏற்புத்திறன் கிலோகிராமுக்கு, கெல்வினுக்கு 4186 ஜூல், பனிக்கட்டிக்கு 2100, பனிக்கட்டி உருகுவதற்கான உள்ளுறை வெப்பம் கிலோகிராமுக்கு 3,34,000 ஜூல்.

வழக்கமாக மாணவர்கள் செய்வது இது: பனிக்கட்டி 0 டிகிரிக்கு வருகிறது, முழுவதும் உருகுகிறது, உருகிய நீர் ஏதோ ஒரு வெப்பநிலைக்கு உயர்கிறது என்று ஒரே சமன்பாட்டை எழுதித் தீர்த்துவிடுகிறார்கள். விடை −11.6 டிகிரி என்று வரும். அதாவது −10 டிகிரிப் பனிக்கட்டியும் 25 டிகிரித் தண்ணீரும் சேர்ந்து, இரண்டையும்விடக் குளிர்ந்த தண்ணீராகிவிட்டனவாம்! குறி தவறிவிட்டதோ என்று பக்கம் பக்கமாகத் தேடுவார்கள். குறி சரி, பெருக்கல் சரி. பனிக்கட்டி முழுவதும் உருகும் என்று யாரும் உறுதி தரவில்லை. நாமாக எடுத்துக்கொண்ட அந்த அனுமானம்தான் பிழை.

சமன்பாட்டை எழுதும் முன் வரவையும் செலவையும் தனித்தனியாகப் பாருங்கள். தண்ணீர் 25-லிருந்து 0-க்கு இறங்கினால் தரக்கூடியது 0.2 × 4186 × 25 = 20,930 ஜூல். அதற்கு மேல் தர வேண்டுமானால் அதுவே உறைய வேண்டும். பனிக்கட்டி 0 டிகிரியைத் தொட வேண்டியது 0.1 × 2100 × 10 = 2,100 ஜூல். முழுவதும் உருக வேண்டியது 0.1 × 3,34,000 = 33,400 ஜூல். கையில் இருப்பதோ 20,930. முதல் செலவுக்குப் போதும். இரண்டாவதுக்கு முழுதாகப் போதாது.

எனவே இறுதி வெப்பநிலை 0 டிகிரிதான். இதற்குச் சமன்பாடே தேவைப்படவில்லை. மீதம் உள்ள 18,830 ஜூல், 18,830 ÷ 3,34,000 = 0.056 கிலோகிராம், அதாவது 56 கிராம் பனிக்கட்டியை உருக்கும். 44 கிராம் பனிக்கட்டி அப்படியே மிதந்துகொண்டிருக்கும்.

வெப்பம் போதுமானதாக இருந்தால் மட்டுமே பழைய ஒற்றைச் சமன்பாட்டுக்குப் போக வேண்டும். பனிக்கட்டி மிக அதிகமாகவும் மிகக் குளிர்ந்தும் இருந்தால் எதிர்த்திசையில் தண்ணீரே உறையத் தொடங்கலாம். அப்போதும் இதே வரவுசெலவு முறைதான் வழிகாட்டும். எந்தக் கலவைக் கணக்கிலும் இறுதி வெப்பநிலை, தொடக்க வெப்பநிலைகளில் மிகக் குறைந்ததற்கும் மிக உயர்ந்ததற்கும் இடையில்தான் விழ வேண்டும். விழவில்லை என்றால் கூட்டல் கழித்தலைச் சரிபார்க்கும் முன் அனுமானத்தைச் சரிபாருங்கள்.

கூட்டல் குறி, கழித்தல் குறி எப்போதும் குழப்புகிறது.

இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, இழந்த வெப்பம் = பெற்ற வெப்பம் என்று எழுதி, இருபுறமும் பெரிய வெப்பநிலையிலிருந்து சிறியதைக் கழிப்பது. மற்றொன்று, எல்லா வெப்பங்களின் கூட்டுத்தொகை சுழியம் என்று எழுதி, எல்லா இடத்திலும் இறுதியிலிருந்து தொடக்கத்தைக் கழிப்பது. மூன்று நான்கு பொருள்கள் வரும்போது இரண்டாவதுதான் நல்லது. யார் இழக்கிறார், யார் பெறுகிறார் என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டியதில்லை. எதை வேண்டுமானாலும் எடுங்கள், பாதிவழியில் மாற்றாதீர்கள்.

பாத்திரத்தின் வெப்பத்தைச் சேர்க்க வேண்டுமா?

கேள்வியில் பாத்திரத்தின் நிறையைக் கொடுத்திருந்தால் சேர்க்க வேண்டும். 100 கிராம் செம்புக் கலோரிமானி (வெப்ப அளவீட்டுக்கான பாத்திரம்) ஒரு டிகிரி உயர ஏறத்தாழ 39 ஜூல் தேவை. அதிலுள்ள 200 கிராம் தண்ணீருக்கு 837 ஜூல். பாத்திரத்தின் பங்கு ஐந்து விழுக்காட்டை ஒட்டி வருகிறது. விட்டுவிட்டால் விடை லேசாகத்தான் பிசகும், அதனால்தான் பிழை கண்ணில் படாமலே போகிறது.

கொதிக்கும்போது வெப்பநிலை ஏறுவதில்லை என்றால் கொடுக்கும் வெப்பம் எங்கே போகிறது?

மூலக்கூறுகளை ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிணைப்பிலிருந்து பிரிக்கப் போகிறது. இந்தச் செலவு எவ்வளவு பெரியது என்பதை ஒரு கெட்டிலை வைத்துப் பார்க்கலாம். 1500 வாட் கெட்டிலில் ஒரு கிலோகிராம் தண்ணீரை 20-லிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 3,35,000 ஜூல் தேவை. 223 வினாடி, நான்கு நிமிடம்கூட ஆகாது. அதே தண்ணீர் முழுவதும் ஆவியாக 22,60,000 ஜூல் வேண்டும். அதே கெட்டிலுக்கு இருபத்தைந்து நிமிடம்.

நீராவி பட்ட புண் கொதிநீர் பட்ட புண்ணைவிடக் கடுமையாக இருப்பதும் இதனால்தான். 100 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீர் உடல் வெப்பநிலையான 37-க்கு இறங்கும்போது 264 ஜூல் தருகிறது. ஒரு கிராம் நீராவி முதலில் நீராக மாறும்போதே 2,260 ஜூலைக் கொட்டிவிட்டு, அதன்பிறகு அந்த 264-ஐயும் தருகிறது. கிட்டத்தட்ட பத்து மடங்கு.

அருவிக் கணக்கில் நிறை கொடுக்கவே இல்லையே?

தேவையில்லை. உயரத்திலிருந்து விழும் நீரின் நிலையாற்றல் முழுவதும் வெப்பமாகிறது என்று எடுத்தால் இருபுறமும் நிறை வரும், அடிபட்டுப் போகும். 100 மீட்டர் உயரத்துக்கு 9.8 × 100 ÷ 4186 = 0.23 டிகிரி உயர்வு. இயந்திர வேலையும் வெப்பமும் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை என்பதை 1840-களில் ஜேம்ஸ் ஜூல் என்ற இயற்பியலாளர் துடுப்புச் சக்கரத்தைக் கொண்டு அளந்து காட்டினார். அவர் பிடிக்க வேண்டியிருந்ததும் இப்படிப்பட்ட சின்னஞ்சிறு வெப்பநிலை உயர்வுகளைத்தான்.

இரண்டு தண்டுகளை இணைத்தால் இணைப்பு இடத்தின் வெப்பநிலை பாதியாகத்தானே இருக்கும்?

இரண்டும் ஒரே பொருளாக, ஒரே அளவாக இருந்தால் மட்டும். ஒரே நீளமும் ஒரே குறுக்குவெட்டும் கொண்ட செம்புத் தண்டையும் எஃகுத் தண்டையும் முனையோடு முனை இணைத்து, செம்பின் மறுமுனையை 100 டிகிரியிலும் எஃகின் மறுமுனையை 0 டிகிரியிலும் வைக்கிறோம். பக்கவாட்டில் வெப்பம் கசியவில்லை, வெப்பநிலைகள் நிலைபெற்றுவிட்டன. செம்பின் வெப்பக் கடத்துத்திறன் (மீட்டருக்கு, கெல்வினுக்கு வாட்டில்) சுமார் 400, எஃகுக்குச் சுமார் 50.

செம்பு வழியே ஒரு வினாடிக்கு வரும் வெப்பம் முழுவதும் எஃகு வழியே போயாக வேண்டும். நடுவில் தேங்க வழியில்லை. ஆகவே 400 × (100 − இணைப்பு வெப்பநிலை) = 50 × இணைப்பு வெப்பநிலை. விடை 88.9 டிகிரி. செம்பில் 11 டிகிரி மட்டுமே இறங்குகிறது, எஃகில் 89. நன்றாகக் கடத்தாத பொருளின் குறுக்கேதான் பெரிய வெப்பநிலை வீழ்ச்சி இருக்கும்.

மின்சுற்று தெரிந்தவர்களுக்கு இது மின்தடைக் கணக்கேதான். நீளத்தைக் கடத்துத்திறனாலும் பரப்பாலும் வகுத்தால் கிடைப்பது வெப்பத்தடை. முனையோடு முனை இணைத்தால் தடைகளைக் கூட்ட வேண்டும். பக்கத்தில் பக்கமாக வைத்தால் பாயும் வெப்பங்களைக் கூட்ட வேண்டும். கடத்துத்திறன்களின் சராசரியை எடுத்துப் போடுவது தொடர் இணைப்பில் எப்போதும் தவறு.

ஜன்னல் கண்ணாடிக் கணக்கில் ஆயிரக்கணக்கான வாட் வருகிறது. நம்பலாமா?

சந்தேகப்பட்டது நல்லது. 3 மில்லிமீட்டர் தடிமன், ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, கடத்துத்திறன் 0.8, உள்ளே 20 டிகிரி, வெளியே 0. கடத்துத்திறன் × பரப்பு × வெப்பநிலை வேறுபாடு ÷ தடிமன் என்ற சூத்திரத்தில் போட்டால் 5,300 வாட்டுக்கு மேல் வருகிறது. மூன்று நான்கு கெட்டில்கள் ஒரே ஜன்னல் வழியே வெளியேறுவதாக அர்த்தம்.

சூத்திரத்தில் வரும் வெப்பநிலைகள் கண்ணாடியின் இரு முகங்களின் வெப்பநிலைகள். கேள்வியில் தந்திருப்பதோ அறைக் காற்றின் வெப்பநிலையும் வெளிக்காற்றின் வெப்பநிலையும். கண்ணாடியை ஒட்டி இருபுறமும் அசைவு குறைந்த மெல்லிய காற்றுப் படலம் இருக்கிறது. காற்றின் கடத்துத்திறன் வெறும் 0.026. இருபது டிகிரி வீழ்ச்சியில் ஏறக்குறைய முழுவதும் அந்தப் படலங்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது. கண்ணாடியின் இரு முகங்களுக்கும் இடையே அரை டிகிரிகூட வேறுபாடு இருக்காது. உண்மையில் இத்தகைய ஜன்னல் இழப்பது நூற்றுச் சொச்சம் வாட்தான். பல பயிற்சி நூல்கள் இந்தக் கணக்கை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தந்துவிடுகின்றன. எனக்கு அது உடன்பாடில்லை. தேர்வில் முகங்களின் வெப்பநிலை என்று சொல்லியிருந்தால் சூத்திரப்படி எழுதிவிடுங்கள்.

கதிர்வீச்சுக் கணக்கில் எங்கே தவறுகிறோம்?

மூன்று இடங்களில். தோல் வெப்பநிலை 33 டிகிரி, சுவர்கள் 20 டிகிரி, உடற்பரப்பு 1.5 சதுர மீட்டர், உமிழ்திறன் (முழுக் கரும்பரப்போடு ஒப்பிட எவ்வளவு உமிழ்கிறது என்ற விகிதம்) 0.97 என்று கொள்வோம். ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மான் மாறிலி 5.67 × 10⁻⁸. கெல்வினில் 306, 293. ஒவ்வொன்றையும் தனித்தனியாக நான்காம் படிக்கு உயர்த்திய பிறகு கழித்தால் 1.40 × 10⁹. எல்லாவற்றையும் பெருக்கினால் நிகர இழப்பு 115 வாட்.

செல்சியஸையே நான்காம் படிக்கு உயர்த்தினால் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட வராது. முதலில் கழித்து 13 என்று எடுத்து, அதை நான்காம் படிக்கு உயர்த்தினால் இன்னும் கேலிக்கூத்து; கெல்வினுக்கு மாற்றியவர்கள்கூட இதில் மாட்டிக்கொள்கிறார்கள். சுற்றுப்புறம் திருப்பி அனுப்புவதைக் கழிக்க மறந்தால் எதிர்ப்பக்கம் சறுக்கி 700 வாட்டைத் தாண்டிவிடும்.

தகட்டில் துளை இருந்தால், சூடாக்கும்போது உலோகம் உள்நோக்கி விரிந்து துளை சுருங்காதா?

சுருங்காது, பெரிதாகும். துளையை வெட்டி எடுக்கும் முன் அங்கே இருந்த உலோக வட்டை நினைத்துப் பாருங்கள். தகட்டில் அதன் ஓரத்தை ஒரு கோடாக மட்டும் வரைந்துவிட்டுச் சூடாக்கினால் அந்த வட்டமும் தகட்டோடு சேர்ந்து பெரிதாகும். வட்டை எடுத்துவிட்டதால் சுற்றியுள்ள உலோகம் வேறு மாதிரி நடந்துகொள்ளக் காரணம் இல்லை. ஒரு புகைப்படத்தைப் பெரிதாக்கினால் அதிலுள்ள துளையும் பெரிதாவது போலத்தான்.

கணக்காகவே பார்ப்போம். 50.00 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு அச்சில், 49.95 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள எஃகு வளையத்தை ஏற்ற வேண்டும். இரண்டும் இப்போது 20 டிகிரியில் உள்ளன. எஃகின் நீள்விரிவுக் குணகம் (ஒரு டிகிரிக்கு நீளம் எந்தப் பின்னத்தில் கூடுகிறது என்பது) கெல்வினுக்கு 12 × 10⁻⁶. வளையத்தை மட்டும் சூடாக்கினால், 49.95 × 12 × 10⁻⁶ × வெப்பநிலை உயர்வு = 0.05. உயர்வு 83 டிகிரி. வளையம் 103 டிகிரிக்கு வர வேண்டும். எளிதில் எட்டக்கூடியது, தொழிற்சாலைகளில் தாங்கிகளை அச்சில் ஏற்றுவது இந்த முறையில்தான்.

இரண்டையும் சேர்த்தே சூடாக்கினால்? எஃகும் எஃகும் ஒரே விகிதத்தில் விரிவதால் எந்த வெப்பநிலையிலும் பொருந்தாது. வளையம் பித்தளையாக இருந்தால் (19 × 10⁻⁶) அது எஃகு அச்சை முந்திக்கொண்டு விரியும். இருவரும் சந்திக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க இரு விட்டங்களையும் சமன்படுத்த வேண்டும். உயர்வு சுமார் 143 டிகிரி என்று வரும்.

விரிவுக் குணகத்தைப் பரப்புக்கு நீள்விரிவினுடையதைப் போல 2 மடங்கு, பருமனுக்கு 3 மடங்கு என்று எடுப்பது தோராயம்தானே?

ஆம், மிக நல்ல தோராயம். அலுமினியத்தை 100 டிகிரி சூடாக்கினால் நீளத்தின் பின்ன மாற்றம் 0.0024. பரப்பில் நாம் கைவிடும் உறுப்பு இதன் இருபடி, ஒரு கோடியில் அறுபது பங்குகூட வராது. கவனிக்க வேண்டியது வேறொன்று: திரவத்துக்குப் பெரும்பாலும் பருமவிரிவுக் குணகத்தையே தந்திருப்பார்கள். அதை மீண்டும் மூன்றால் பெருக்காதீர்கள்.

தொட்டி நிரம்பி வழியும் கணக்கில் தொட்டியின் விரிவை எப்படிச் சேர்ப்பது?

வெற்றிடமான உட்புறம், அதே உலோகத்தால் நிரம்பியிருப்பதைப் போலவே விரியும். துளைக்குச் சொன்ன காரணம்தான் இதற்கும். 60 லிட்டர் எஃகுத் தொட்டியைப் பெட்ரோலால் விளிம்புவரை நிரப்பி 20 டிகிரி சூடாக விடுகிறோம். பெட்ரோலின் பருமவிரிவுக் குணகம் 950 × 10⁻⁶, விரிவு 1.14 லிட்டர். எஃகுக்கு 36 × 10⁻⁶. தொட்டியின் கொள்ளளவு 0.04 லிட்டர் கூடுகிறது. வழிவது 1.10 லிட்டர்.

தண்ணீருக்கும் இதே முறை பொருந்துமா?

அறை வெப்பநிலையை ஒட்டிப் பொருந்தும். 0 டிகிரிக்கும் 10 டிகிரிக்கும் இடையில் பொருந்தாது. 4 டிகிரி வரை தண்ணீர் சூடாகச் சூடாகச் சுருங்குகிறது, அதன்பிறகே விரிகிறது. அந்த எல்லைக்குள் கணக்கு வந்தால் அடர்த்தி அட்டவணையைப் பயன்படுத்த வேண்டும்.

விரிய இடமில்லாமல் இறுக்கிவிட்டால்?

விரிவு நடக்காது, அதற்குப் பதில் தகைவு (ஓரலகு பரப்புக்குப் பொருளுக்குள் எழும் விசை) ஏறும். அது யங் குணகம் (பொருளின் விறைப்பைக் காட்டும் எண்) × நீள்விரிவுக் குணகம் × வெப்பநிலை உயர்வு. எஃகை 30 டிகிரி சூடாக்கினால் 200 × 10⁹ × 12 × 10⁻⁶ × 30 = 7.2 கோடி பாஸ்கல். பத்துச் சதுர சென்டிமீட்டர் குறுக்குவெட்டுக்கு இது 72,000 நியூட்டன், ஏழு டன்னுக்கு மேற்பட்ட எடை. நீளம் இந்தச் சூத்திரத்தில் இல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு மீட்டர் தண்டுக்கும் ஒரு கிலோமீட்டர் தண்டவாளத்துக்கும் ஒரே தகைவு. கேள்வியில் நீளத்தைத் தந்திருந்தால் அது உங்களைத் திசைதிருப்ப வைத்ததாகவே பெரும்பாலும் இருக்கும்.

ஊசல் கடிகாரம் கோடையில் மெதுவாக ஓடுமா, வேகமாக ஓடுமா?

மெதுவாக. தண்டு நீண்டால் அலைவு நேரம் கூடும். அலைவு நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் பின்ன மாற்றத்தில் பாதி மட்டும் வரும். பித்தளைத் தண்டு 10 டிகிரி சூடானால் ½ × 19 × 10⁻⁶ × 10; ஒரு நாளின் 86,400 வினாடிகளால் பெருக்கினால் 8 வினாடி இழப்பு. இந்தத் தொல்லைக்கு மருந்தாக வந்தது இன்வார் என்ற இரும்பு–நிக்கல் கலவை. அதன் விரிவு பித்தளையினுடையதில் பதினைந்தில் ஒரு பங்கு அளவுதான். அதைக் கண்டறிந்த கியோமுக்கு 1920-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு நூலில் எஃகின் நீள்விரிவுக் குணகம் 11 × 10⁻⁶, இன்னொன்றில் 12, வேறொன்றில் 13 என்று இருக்கிறது. எது சரி?

எஃகு என்பது பல கலவைகளின் பொதுப்பெயர். இந்த எண்கள் கலவைக்குக் கலவை மாறும். மேலே பார்த்த வளையக் கணக்கில் 11-ஐ எடுத்தால் 91 டிகிரி உயர்வு தேவை, 13-ஐ எடுத்தால் 77. இப்படியிருக்க, கால்குலேட்டர் காட்டிய 83.4167-ஐ அப்படியே எழுதுவதில் பொருளில்லை. கேள்வியில் எண் தந்திருந்தால் அதையே எடுங்கள். தரவில்லை என்றால் நீங்கள் எடுத்த மதிப்பை விடைக்கு மேலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள். திருத்துபவர் உங்கள் விடையைத் தம் விடையோடு ஒப்பிட அது போதும்.